மூலைச் செடியில் பழுத்த தக்காளி

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில், ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை, மதுரையை ஒட்டிய கோச்சடையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது அங்கே வீடுகள் நெருக்கமாக வந்துவிட்டன. அப்போது எங்கள் கொல்லையில் நின்று பார்த்தால் தென்னந்தோப்பும் அதற்கப்பால் வைகை மணலும்தான் தெரியும்.

என் கணவர் டவுனில் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. தினமும் சைக்கிளில் போய்வருவார். வீட்டில் அவர், நான், எங்கள் நான்கு வயது மகள், அவருடைய அக்கா ஆகிய நால்வர். அக்கா சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்து இருந்தவர். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். தம்பி மீது உயிரையே வைத்திருந்தார். அந்த உயிரில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் அவரால் முழுசாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம். வீட்டுக்கு வீடு தோட்டம் போடுங்கள் என்று சர்க்காரே சொல்லிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கத்தரியும் வெண்டையும் போட்டார்கள். என் கணவர் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, உருளைக்கிழங்குச் செடியில் தக்காளியை ஒட்டுக் கட்டப்போகிறேன் என்றார். மேலே தக்காளி பழுக்கும், அதே செடியின் அடியில் கிழங்கு இறங்கும், ஒரே செடி, ஒரே தண்ணீர் என்று கண்ணெல்லாம் மின்னச் சொன்னார். கொடைக்கானல் பக்கமிருந்து மார்க்கெட்டுக்கு வரும் கிழங்கில் முளைவிட்டதாகப் பார்த்து வாங்கி வந்து, கார்த்திகையில் கிணற்றடி ஓரம் நட்டார். செடி விரல் கனம் வந்ததும் தண்டை வெட்டி நடுவில் பிளந்து, தக்காளி நாற்றின் அடியை ஆப்பு மாதிரி சீவி அதில் செருகி, வாழைநாரால் சுற்றிக் கட்டினார். அவர் போடும் முடிச்சு பூக்கட்டுகிறவர்கள் போடுவதைப்போல அத்தனை சின்னதாக, ஒரே சீராக இருக்கும். கட்டிய செடிகளுக்கு ஓலை மறைப்பு வைத்து, ஆபீஸ் போகும் முன்பும் வந்த பிறகும் முதலில் அங்கேதான் போய் உட்காருவார்.

எனக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சலாக வந்தது. ஒருநாள் சண்டையே போட்டுவிட்டேன். "பேசாம அந்தச் செடிகளோடயே குடும்பம் நடத்துங்க. நான் எதுக்கு இங்கே?" என்று கத்தியது மதினி காதிலும் விழுந்தது.

தை மாதம் தங்கையின் பிரசவத்துக்காக மகளோடு சோழவந்தானில் அம்மா வீட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது மாசி முடிந்துவிட்டது. ஒட்டுச் செடிகளில் சில வெயிலுக்குக் கருகிப் போயிருந்தன. மிச்சமிருந்தவை மெலிந்த கொடியில் சின்னச் சின்னதாகப் பழம் விட்டிருந்தன. ஆனால் கிணற்று மூலையில் நின்ற ஒரு செடி மட்டும் தண்டு தடித்து, இலை கருகருவென்று, குலை குலையாகக் காய்த்து நின்றது. நான் ஊருக்குப் போகும்போது அந்த இடம் காலியாக இருந்தது.

"இது மட்டும் எப்படி இப்படி வந்துச்சு?" என்று கணவரிடம் கேட்டேன்.

"கட்டுறதுல இருக்கு சூட்சுமம்" என்று சிரித்தார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மெலிந்த செடிகளின் பழத்தை வைத்து அந்த வாரமெல்லாம் ரசம் வைத்தேன். ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. மதினி மட்டும் தொடவில்லை. "ஒட்டுப்போட்ட பழமெல்லாம் எனக்கு வேணாத்தா" என்று புளி ரசம் தனியாக வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூலைச் செடியின் முதல் பழங்களை என் கணவரே பறித்து வந்தார். சமைக்கக் கூடாது, பச்சையாகத் தின்றால்தான் ருசி தெரியும் என்று சொல்லி, என்னை அரிவாள்மனையில் நறுக்கச் சொன்னார். உப்பும் மிளகுத்தூளும் தூவி ஒரு தட்டில் வைத்தேன். அவர் ரசித்து ரசித்துத் தின்றார். மகள் அவர் மடியில் உட்கார்ந்து இரண்டு துண்டு வாங்கித் தின்றாள். பச்சைத் தக்காளி வாசனை எனக்குப் பிடிக்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனேன்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிட்டபோது அவர் வரவில்லை. கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது.

"தண்ணி குடு. தொண்டையெல்லாம் காஞ்சு கெடக்கு" என்றார்.

செம்பைக் கொடுத்தேன். வாயில் ஊற்றிய தண்ணீரை விழுங்க முடியாமல் புரைக்கேறித் துப்பினார். மறுபடி முயன்றார், முடியவில்லை. செம்பைத் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்கவே முடியாது. கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. "நீங்க யாரு? உள்ளே யாரு விட்டது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கையைத் தொட்டேன். அடுப்புக் கல்லைத் தொட்ட மாதிரி சுட்டது. பங்குனி வெயிலில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கையை உதறிவிட்டு, மூலையில் யாரோ நிற்பது போல அங்கே பார்த்து ஏதேதோ பேச ஆரம்பித்தார்.

மதினி ஓடிவந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள். தண்ணீர் இறங்கவில்லை என்றதும் ஒருத்தி, "நாய் ஏதும் கடிச்சுச்சா?" என்றாள். இன்னொருத்தி ஆற்றங்கரைப் புளியமரத்தைச் சொல்லி, விபூதி போடுங்கள் என்றாள். வெறிநாய் கடித்தவர்கள் தண்ணீர் குடிக்க முடியாமல் கிடந்து செத்துப்போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உதவிக்கு ஆள் தேடி வாசலுக்கு ஓடினேன்.

அடுத்த வீட்டில் ஜட்கா வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். நான் கேட்கும் முன்பே அவர் குதிரையைப் பூட்டிவிட்டார். "பயப்படாத தங்கச்சி. டவுன்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. இந்தா கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் தேய்ந்தபோதுதான் என் மகளைக் காணவில்லை என்று உறைத்தது. உள் அறையில் இருந்தாள். தரையில் உட்கார்ந்து காற்றில் எதையோ ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒன்றுமே இல்லை.

"என்னம்மா பண்ற?"

"பூச்சிம்மா. இம்புட்டுப் பூச்சி" என்று சுவரைக் காட்டினாள். சுவர் வெறுமனே இருந்தது. தூக்கினேன். உடம்பு கொதித்தது. அவள் கண்ணும் அப்பா கண்ணைப் போலவே முழுக் கறுப்பாக இருந்தது.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தேன். அவள் என் காதருகே தனக்குத்தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் குழந்தையின் சிரிப்பாக இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

டாக்டர் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நடுத்தர வயது, சிரிக்காத முகம். பேட்டரி விளக்கை என் கணவர் கண்ணில் அடித்துப் பார்த்தார், குழந்தை கண்ணில் அடித்துப் பார்த்தார், நாடி பிடித்தார், நெற்றியைத் தொட்டார். பிறகு என்னிடம், "காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டாங்க?" என்றார்.

இட்லி, தக்காளி என்றேன்.

"தக்காளி தின்னா இப்படி ஆகாது. இது நாய்க்கடியும் இல்லை. ஊமத்தை தின்ன மாதிரி இருக்கு. வீட்டுல ஊமத்தங்காய், விதை, ஏதாவது மருந்துப் பொடி வச்சிருக்கீங்களா?"

அப்போது மதினி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. நான் சோழவந்தானிலிருந்து கொண்டுவந்தது. மகளுக்குச் சளிக்குக் கொடுக்க அம்மா மருந்துக் கடையில் இடித்து வாங்கித் தந்த பொடி.

"அய்யா, இதை இவ ஊருலருந்து கொண்டாந்தா" என்றார் மதினி. குரல் உயரவே இல்லை. "எந்தம்பி தன்னை ஏறிட்டுப் பாக்கலைன்னு சண்டை போட்டுட்டுப் போனவ. திரும்பி வந்து மாசங்கூட ஆகலை. இன்னைக்குத் தட்டுல வச்சுக் குடுத்தது இவதான். அவன் தின்னான், பிள்ளை தின்னுச்சு. இவ ஒரு துண்டு வாயில வைக்கலை. ஏன்னு கேளுங்க."

அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. புருஷனை வசப்படுத்த மருந்து வைப்பது என்றால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். மருந்து மிஞ்சிப்போய் ஆளே போய்விட்ட கதைகளும் தெரியும். வாசலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். காலையில் என்னிடம் மோர் வாங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள்.

டாக்டர் பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்துப் பையில் போட்டுக்கொண்டார். குழாயைப் போட்டு இருவர் வயிற்றையும் கழுவ ஆரம்பித்தார். ஜட்கா அண்ணன் என் கணவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். என் மகளை நானே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் திமிறியபோது அவளைக் கொல்வதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றியது.

கை கழுவிக்கொண்டே டாக்டர் சொன்னார். "இந்தாம்மா, மறைக்காமச் சொல்லு. என்ன சேர்த்தே, எம்புட்டுச் சேர்த்தேன்னு தெரிஞ்சாத்தான் நான் மேக்கொண்டு பாக்க முடியும். இவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் போலீசுக்கு எழுதித்தான் ஆகணும்."

"நான் ஒண்ணும்... நான் எதுவும் சேக்கலை அய்யா... பிள்ளைக்குக் காலையில அந்தப் பொடியத் தேன்ல..." நாக்கு குழறியது. வார்த்தை வார்த்தையாக உடைந்தது.

"பாருங்க, பேச்சே வரலை அவளுக்கு" என்றார் மதினி.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அம்மா வாங்கித் தந்த பொடியில் கடைக்காரன் எதையாவது தவறிப் போட்டு இடித்திருந்தால்? பொடியைக் குழைத்த கரண்டியை நான் கழுவினேனா? அதே கையோடு தக்காளியை நறுக்கினேனா? உப்பு என்று நினைத்து வேறு எதையாவது எடுத்துத் தூவினேனா? காலையில் செய்த ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க ஒன்றுகூட நிச்சயமாக ஞாபகம் வரவில்லை. என் கைகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மகளைப் பக்கத்து வீட்டு அம்மாள் யாரோ வாங்கிக்கொண்டார்கள். நான் கணவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். அவர் மல்லாந்து கிடந்தார். விரல்கள் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. போர்வையின் ஓரத்தைப் பிடித்து, சுற்றி, இழுத்து, இடதுகைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு எதையோ முடிந்தார். மறுபடி சுற்றினார், மறுபடி முடிந்தார். "நார் பத்தலை... நாரக் குடு... இது வாடாது... இது வாடாது" என்று முணுமுணுத்தார்.

கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவர் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

வாடாது. எது வாடாது? கருகிப்போன உருளைச் செடிகள் நினைவுக்கு வந்தன. வாரமெல்லாம் ரசம் வைத்துத் தின்ற பழம் மெலிந்த செடிகளின் பழம். இன்றைக்குத் தின்றது மூலைச் செடியின் பழம். அதை இதுவரை ஒருவரும் தின்றதில்லை.

எழுந்து கொல்லைக்கு ஓடினேன். "எங்கே ஓடுறா, பிடிங்க!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். மூலைச் செடியின் அடியில் மண் கூட்டி அணைத்திருந்தது. இரண்டு கையாலும் மண்ணை வாரினேன். வாழைநார்க் கட்டு தெரிந்தது. கட்டுக்கு மேலே தக்காளித் தண்டு. கட்டுக்குக் கீழே ஊதா ஓடிய, வழுவழுப்பான, வேறொரு தண்டு. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு தளிர் வெளியே வரப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தேன். ஆற்றுக்குப் போகும் பாதையில், குப்பைமேட்டை ஒட்டி, நடக்கும்போது சேலையில் உரசினால் ஒரு வாடை வருமே, அதே வாடை.

செடியைப் பிடித்து இழுத்தேன். வேரோடு வந்தது. கிழங்கு இல்லை, கிழங்கு பிடித்த அடையாளமும் இல்லை. தடித்த ஆணிவேர் ஒன்று மட்டும் இருந்தது.

பழமும் மண்ணுமாக அதைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் போட்டேன். பேச வரவில்லை. கட்டைத் தொட்டுக் காட்டினேன், தளிரைக் காட்டினேன், தட்டில் மிச்சமிருந்த துண்டுகளைக் காட்டினேன். அவர் குனிந்து நாரைப் பிரித்துப் பார்த்தார். தளிரைக் கசக்கினார்.

"இதை யார் கட்டுனது?"

"அவருதான். நான் அப்ப ஊருல இல்லை" என்றேன். அந்த வார்த்தைகள் மட்டும் எப்படியோ உடையாமல் வந்தன.

ஜட்கா அண்ணன் செடியைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யா, தை மாசம் நாந்தான் பாத்தேன். ஆத்துப் பாதையில நின்னு ஊமத்தங்கன்னைத் தோண்டிக்கிட்டு இருந்தாரு. எதுக்கு மாப்ளன்னு கேட்டேன். உருளை வெயிலு தாங்கலை அண்ணே, இதுக்கு எம்புட்டு வெயிலடிச்சாலும் வாடாது, எல்லாம் ஒரே சாதிச் செடிதான்னாரு. நான் வெளங்காமப் போயிட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வேர்ல இருக்கிற விஷம் பழம் வரைக்கும் ஏறியிருக்கும்மா. நான் இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை." பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "என்ன தின்னாங்கன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. அதுவே பெரிய உதவி."

பயம் அதோடு தீர்ந்துவிடவில்லை. விஷம் இன்னதென்று தெரிந்ததே தவிர, அது இறங்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. இருட்டிய அறையில் இருவரையும் கிடத்தி, ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். ஊசி போட்டார். பால் விடாத கடுங்காப்பியைத் துளித்துளியாக விடச் சொன்னார். ஒரு பக்கம் நான் மகளுக்குத் துணி மாற்றினேன், மறுபக்கம் மதினி தம்பிக்கு மாற்றினார். நாங்கள் இருவரும் ஒரே வாளித் தண்ணீரில் துணியை நனைத்தோம்.

விடியும் நேரத்தில் மகளுக்கு நெற்றியில் வேர்த்தது. அவள் கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். நான் அம்மா என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது போதும் என்று இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதேன்.

அவர் தெளிய அடுத்த நாள் சாயங்காலம் ஆனது. பல நாள்வரை எழுத்துத் தெரியாமல் கண் மங்கலாகவே இருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சின்னப்பிள்ளை போலத் தேம்பினார். "பழத்துக்கு ஏறும்னு எனக்குத் தெரியாதுடி. மேலே இருக்கிறது தக்காளிதானேன்னு நினைச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உருளையில் கட்டியவற்றில் ஒரு தப்பும் இல்லை என்று டாக்டர் சொல்லியும், அவர் அத்தனையையும் பிடுங்கிப் போட்டு எரித்துவிட்டார். அந்த இடத்தில் பிறகு கனகாம்பரம்தான் வைத்தோம்.

மதினி என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு நான் சமைத்ததை முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டார். தம்பிக்குப் பரிமாறுவதற்கு முன்பு, எல்லோர் முன்னாலும், தட்டைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார். அவர் இருந்த காலம் வரைக்கும் அப்படித்தான். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலும் உண்டு, கொஞ்சம் வலியும் உண்டு.

இன்று மகளுக்கே பேரன் பேத்திகள் வந்துவிட்டார்கள். அவளுக்கு அந்தப் பூச்சிகள்கூட ஞாபகமில்லை. எனக்கோ, இருவரையும் இழந்துவிடுவேனோ என்ற பயம் காலப்போக்கில் ஆறிவிட்டது. ஒன்றுமே செய்யாத என் கைகளை நானே சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்தேனே, அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆறவில்லை. அதனால்தான் இன்றும் யாராவது ஒருவர் பலர் நடுவில் நின்று "நான் செய்யலை" என்று சொல்லும்போது குரல் தடுமாறினால், அது குற்றவாளியின் தடுமாற்றம் என்று சட்டென்று நம்பிவிட என்னால் முடிவதில்லை.